அழிக்காமல் மறைப்பது: லேயர் மாஸ்க்கோடு என் அனுபவம்

அம்மா ஜன்னலோரம் நின்று வெளியே பார்க்கும் படம் ஒன்று என்னிடம் இருந்தது. முகத்துக்கு வெளிச்சம் வைத்து எடுத்ததால் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெறும் வெள்ளையாகப் போயிருந்தது. அந்த வெள்ளை இடத்தில் ஒரு வானத்தை வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஃபோட்டோஷாப்பில் லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள் மாதிரி. அம்மா படத்தை மேல் லேயரில் வைத்தேன், வானத்தைக் கீழே வைத்தேன், அழிப்பான் கருவியை எடுத்து வெள்ளையை அழிக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் வானம் வந்துவிட்டது. அதே பெயரில் ஜேபெக்காகச் சேமித்து மூடினேன். கேமராவின் கார்டை அடுத்த படங்களுக்காக ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது.

சில மாதம் கழித்து அதைப் பெரிதாக அச்சடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. நெற்றியோரம் காற்றில் பறந்துகொண்டிருந்த மெல்லிய முடிகளில் ஒன்றுகூட இல்லை. தலையின் ஓரம் கத்தரியால் வெட்டிய அட்டை மாதிரி இருந்தது. தோளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. திருத்தலாம் என்று கோப்பைத் திறந்தேன். ஜேபெக்கில் லேயர்கள் தங்காது. எல்லாம் ஒரே பரப்பாகத் தட்டையாகிவிட்டிருந்தன. அழித்த முடி எங்கேயும் இல்லை. அந்தப் படம் போனது போனதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் லேயர் மாஸ்க் என்ற ஒன்று இருப்பது எனக்கு அப்போதே தெரியும். லேயர் பேனலின் அடியில் நடுவில் வட்டம் போட்ட சதுரமாக அந்தப் பொத்தான் இருக்கும். அது அழிப்பான் செய்யும் வேலையையே சுற்றிவளைத்துச் செய்வது என்று நினைத்து ஒதுக்கிவைத்திருந்தேன். ஒரு ஆல்பம் வடிவமைக்கும் வேலையில் எனக்கு மூத்தவராக இருந்த அக்கா ஒருவர்தான் அந்த எண்ணத்தை மாற்றினார். நான் மாஸ்க் போட்டுச் செய்த ஒரு படத்தைக் காட்டி, “ஓரம் சரியா வரலக்கா, எங்க தப்புன்னு தெரியல” என்றேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறு படத்தின் மேல் ஒரு கிளிக் செய்தார். திரையில் படம் மறைந்து, கறுப்பு வெள்ளையில் மாஸ்க் மட்டும் நின்றது.

“இப்ப பாரு தம்பி. இதுல என்ன தெரியுது?”

பார்த்தேன். வெள்ளைப் பகுதிக்குள் அங்கங்கே பிரஷ் தொடாமல் விட்ட கறுப்புத் துளிகள். கறுப்பு என்று நான் நினைத்த இடமெல்லாம் அழுக்குச் சாம்பலாக இருந்தது. ஓரம் ஓரிடத்தில் கூர்மையாகவும் அடுத்த இடத்தில் புகையாகவும் காரணமே இல்லாமல் மாறிக்கொண்டிருந்தது. படத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது “ஏதோ சரியில்லை” என்று மட்டும் தோன்றிய அத்தனையும் தனியாகப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது.

“நீ படத்தையே பாத்துக்கிட்டு இருக்க. மாஸ்க்கும் ஒரு படம்தான். அத ஒழுங்கா வரைஞ்சா மத்தது தானா வரும்” என்றார்.

அவர் சொன்னது அப்படியே தொழில்நுட்ப உண்மை. மாஸ்க் என்பது அந்த லேயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 8 பிட் கோப்பில் அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 255 என்றால் வெள்ளை, லேயர் முழுதாகத் தெரியும். 0 என்றால் கறுப்பு, முழுதாக மறையும். 128 என்றால் ஏறக்குறைய பாதி தெரியும். இந்த நடுச் சாம்பல்களில்தான் மாஸ்க்கின் பலமே இருக்கிறது. அழிப்பான் புள்ளியைக் கொண்டுபோய்விடும். மாஸ்க் அந்தப் புள்ளியை எவ்வளவு காட்டுவது என்று மட்டும் சொல்லும். புள்ளி அங்கேயே இருக்கும்.

படம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, படத்துக்குச் செய்வதையெல்லாம் மாஸ்க்குக்கும் செய்யலாம் என்பது விளங்கியது. மங்கலாக்கலாம், கான்ட்ராஸ்ட் கூட்டலாம், கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் கிரேடியன்ட் போடலாம், கண்ட்ரோலும் ஐயும் சேர்த்து அழுத்தித் தலைகீழாக மாற்றலாம். ஓரம் சற்று வெளியே வழிகிறதா? மாஸ்க்கை காஸியன் ப்ளர் கொடுத்து லேசாக மங்கலாக்கிவிட்டு, கறுப்பு வெள்ளை முனைகளை நகர்த்தும் லெவல்ஸைத் திறந்து கறுப்பு முனையை உள்ளே தள்ளினால் ஓரம் முழுதும் ஒரே சீராக உள்ளே சுருங்கும். கையால் சுற்றிவர அரை மணி நேரம் ஆகும் வேலை, பத்து நொடியில் முடியும்.

ஆரம்பத்தில் எனக்கு அடிக்கடி நேர்ந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். லேயரில் இரண்டு சிறு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: ஒன்று படம், ஒன்று மாஸ்க். எதைச் சுற்றி மெல்லிய சட்டம் இருக்கிறதோ அதில்தான் பிரஷ் வேலை செய்யும். கவனிக்காமல் படத்தின் மேலேயே கறுப்பைப் பூசிவிட்டு, நிறைய தூரம் போன பிறகு தெரிந்துகொண்ட நாட்கள் உண்டு. இப்போது பிரஷ்ஷைத் தொடும் முன் அந்தச் சட்டத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அப்புறம் டி விசை, கறுப்பையும் வெள்ளையையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவரும். எக்ஸ் விசை இரண்டையும் மாற்றிப்போடும். மறைத்தது அதிகமானால் எக்ஸ், திரும்பக் காட்டியது அதிகமானால் மறுபடி எக்ஸ். இடது கை அந்த விசையிலேயே இருக்கும்.

பிரஷ்ஷில் ஒபாசிட்டி, ஃப்ளோ என்று இரண்டு அளவுகள் இருப்பதும் என்னை நெடுநாள் குழப்பியது. ஒபாசிட்டி 20 சதவீதம் என்றால், கையை எடுக்காமல் ஒரே இடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் 20-ஐத் தாண்டாது. கையை எடுத்து மறுபடி வைத்தால்தான் மேலே ஏறும். ஃப்ளோ அப்படியில்லை; தேய்க்கத் தேய்க்க நிறம் ஏறிக்கொண்டே போகும். முகம், வானம் போன்ற மென்மையான இடங்களுக்கு ஒபாசிட்டியை 100-லேயே விட்டுவிட்டு ஃப்ளோவை 10, 15 என்று வைத்துக்கொள்வது எனக்கு ஒத்துவருகிறது. சாயத்தை மெதுவாக ஏற்றுவது போலக் கைக்குப் பிடிபடும்.

சரி, ஜன்னலுக்கு வருகிறேன். பழைய படம் போய்விட்டதால் அம்மாவை மறுபடி அதே ஜன்னலில் நிற்கச் சொன்னேன். இந்த முறை முக்காலி வைத்து இரண்டு படங்கள் எடுத்தேன். ஒன்று முகத்துக்குச் சரியான வெளிச்சத்தில். அதில் வெளியே வெள்ளை. இன்னொன்று வெளியே இருப்பது தெரியும் அளவுக்கு இருட்டாக. அதில் அம்மா கிட்டத்தட்ட நிழல். வேறெங்கிருந்தோ கொண்டுவந்த வானத்தைவிட அந்த ஜன்னலின் உண்மையான வெளிச்சமே போதும் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். இரண்டையும் ஒரே கோப்பில் அடுக்கி, எடிட் மெனுவில் இருக்கும் ஆட்டோ அலைன் கொடுத்துப் பொருத்தி, இருட்டுப் படத்தை மேலே வைத்தேன். ஆல்ட் விசையோடு மாஸ்க் பொத்தானைத் தட்டினால் மாஸ்க் முழுக் கறுப்பாக வரும், அதாவது மேல் லேயர் முழுதும் மறைந்த நிலையில் தொடங்கும். அதில் ஜன்னல் பகுதியை மட்டும் வெள்ளையால் பூசித் திறந்தேன்.

தோள் வரை எளிதாக வந்தது. தலைக்கு வந்ததும் பழைய பிரச்சினை. முடியின் விளிம்பை ஒட்டியே மாஸ்க்கின் ஓரத்தைக் கொண்டுபோக முயன்றேன். இரண்டு படங்களுக்கும் இடையில் அம்மா ஒரு மயிரிழை அசைந்திருந்தார். பறக்கும் முடிகள் ஒன்றில் இருந்த இடத்தில் மற்றதில் இல்லை. எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் இரட்டை முடியும் வெள்ளை மினுக்கமும் தெரிந்தன. இரண்டு மாலைகள் இதிலேயே போயின.

அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “தையல ஏன் ஓரத்துல போடற?”

முடி இரண்டு படத்திலும் இருட்டுதான். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் தலையின் உட்பகுதி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே கருமை. அப்படியானால் இரண்டு படங்களும் சேரும் இடத்தைத் தலையின் விளிம்பில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. விளிம்பைத் தாண்டி, அடர்ந்த முடிக்குள்ளே கொண்டுபோய் வைத்தால் பறக்கும் முடிகள் முழுதும் ஒரே படத்திலிருந்து வரும், அந்த இருட்டுப் படத்திலிருந்து. சேரும் இடத்தில் கறுப்பும் கறுப்பும் கலப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பெரிய, மென்மையான பிரஷ்ஷில் தலைக்குள் ஒரு விரல் அகலம் வெள்ளையை இழுத்தேன். ஐந்து நிமிடம். நெற்றியோரத்து முடிகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்துக்கு எதிரே தனித்தனியாக நின்றன.

இதற்கு முன்னும் பின்னும் நான் கற்ற குறுக்குவழிகள் எத்தனையோ. இது ஒன்றுதான் என் வேலை செய்யும் விதத்தையே மாற்றியது. இப்போது எந்தப் படத்திலும் மாஸ்க்கைத் தொடுவதற்கு முன் நான் தேடுவது பொருளின் விளிம்பை அல்ல, இரண்டு லேயர்களும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தை. சட்டையின் மடிப்பு, கம்பத்தின் நிழல் பக்கம், சுவர் மூலை, இலைகளின் அடர்த்தி என்று அப்படியொரு இடம் பெரும்பாலும் அகப்படுகிறது.

அகப்படாதபோது விளிம்பிலேயே வெட்டித்தான் ஆகவேண்டும். அப்போது கவனிக்க வேண்டியது, படத்தில் அந்த விளிம்பு எவ்வளவு கூர்மையோ மாஸ்க்கும் அவ்வளவே கூர்மையாக இருக்க வேண்டும் என்பது. ஒரே ஆளின் உருவத்தில்கூட இது மாறும். கண்ணுக்குக் குவியம் வைத்திருந்தால் முன்தோள் கூர்மையாகவும் பின்தோள் மங்கலாகவும் இருக்கும். மாஸ்க் முழுவதற்கும் 2 பிக்சல் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்கும் அளவு) என்று ஒரே அளவைக் கொடுத்தால் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். நான் முதலில் கூர்மையாக வெட்டிக்கொள்வேன். பிறகு மாஸ்க்கின் மேல் மங்கலாக்கும் கருவியை எடுத்துக்கொண்டு, குவியம் விட்ட இடங்களை மட்டும் கையால் தேய்ப்பேன். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் வைத்து, படத்தையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே.

பின்னணி முழுதையும் மாற்றும்போது முடிக்கு வேறு வழி. சேனல்ஸ் பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பார்த்து, முடிக்கும் பின்னணிக்கும் எதில் வித்தியாசம் அதிகமோ அதை நகலெடுப்பேன். வெளிர்ப் பின்னணியில் கருமுடி என்றால் பெரும்பாலும் நீலச் சேனல். லெவல்ஸில் இரண்டு முனைகளையும் நெருக்கினால் முடி கறுப்பை நோக்கியும் பின்னணி வெள்ளையை நோக்கியும் போகும். ஆனால் இழைகள் தடித்துப்போகும் அளவுக்கு நெருக்கக் கூடாது. மிச்ச வேலையை பிரஷ் பார்த்துக்கொள்ளும். பிரஷ்ஷின் மோடை, அதாவது நிறம் கலக்கும் விதத்தை, ஓவர்லேக்கு மாற்றி வெள்ளையால் பூசினால் சாம்பல் வெளுக்கும், முழுக் கறுப்பை அது தொடாது. கறுப்பால் பூசினால் சாம்பல் இருளும், முழு வெள்ளை அப்படியே இருக்கும். அதனால் இழைகளுக்கு நடுவே நுழையாமல் மேலாகத் தடவிக்கொண்டே போனால் போதும். கடைசியில் தலைகீழாக மாற்றி மாஸ்க்காகப் போடுவது.

இவ்வளவு செய்தும் இழைகளில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மாஸ்க்கின் குற்றம் இல்லை. அந்தப் புள்ளிகளிலேயே நிறம் கலந்திருக்கிறது. மேலே ஒரு வெற்று லேயர் சேர்த்து, கீழ் லேயரின் வடிவத்துக்குள் மட்டும் தெரியும்படி அதைக் கிளிப் செய்து, பிளெண்ட் மோடைக் கலருக்கு மாற்றி, முடியின் நிறத்தைத் தொட்டெடுத்து ஓரத்தில் மட்டும் மெலிதாகப் பூசினால் சரியாகிவிடும்.

இந்தக் கலை கணினியோடு பிறந்ததில்லை என்று பின்னாளில் படித்தபோது ஒரு மகிழ்ச்சி. 1850களிலேயே குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடற்காட்சிகளுக்கு வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அன்றைய ரசாயனத் தகடுகள் நீலத்துக்கு அதிகமாக உணர்ந்ததால் கடலுக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெளுத்துவிடும். காரணம் வேறென்றாலும், என் ஜன்னலில் வந்த விளைவும் அதேதான். அவருக்குத் தையலை மறைக்கக் கிடைத்த இடம் அடிவானக் கோடு. இருட்டறையில் அட்டையையும் கையையும் வைத்து வெளிச்சத்தைத் தடுத்தவர்கள், அட்டையை அசைத்துக்கொண்டே இருந்து ஓரத்தை மென்மையாக்கினார்கள். ஃபெதர் என்று நாம் எண் கொடுப்பதன் முன்னோடி அந்தக் கை அசைவு. ஃபோட்டோஷாப்பில் லேயர்கள் வந்தது 1994-ல், மூன்றாம் பதிப்பில். கீழிருக்கும் லேயர்களின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 1996-ல் வந்த நான்காம் பதிப்பில்.

அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் மாஸ்க்கும் இதே மாஸ்க்தான். முகத்தை மட்டும் தூக்கிக் காட்ட வெளிச்சத்தைக் கூட்டும் ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, முகத்தில் வெள்ளை பூசினால் ஆயிற்று. ஒன்றே ஒன்று: ஒரு லேயருக்கு இரண்டு மாஸ்க் வேண்டும் என்ற நிலை அடிக்கடி வரும். ஆளின் உருவத்துக்குத் துல்லியமான மாஸ்க் ஒன்று, அந்த உருவம் கீழ்நோக்கி மெல்ல மறைய கிரேடியன்ட் ஒன்று. இரண்டையும் ஒரே மாஸ்க்கில் போட்டுக் கலக்கினால் பிறகு பிரிக்க முடியாது. லேயரைத் தனியாக ஒரு குரூப்பில் போட்டு, குரூப்புக்கு இரண்டாவது மாஸ்க் கொடுத்துவிடுங்கள். இரண்டும் தனித்தனியே திருத்தக்கூடியதாக இருக்கும். அகன்ற வானத்தில் கிரேடியன்ட் மாஸ்க் போட்டுப் பட்டை பட்டையாகத் தெரிந்தால், 256 படிகள் அந்த அகலத்துக்குப் போதவில்லை என்று பொருள். மாஸ்க்கிலேயே கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், சேர்த்தால் பட்டைகள் கரையும்.

எஃபெக்ட்களுக்கு வருகிறேன். டிராப் ஷேடோ (நிழல்), ஸ்ட்ரோக் (ஓரக்கோடு), அவுட்டர் க்ளோ (வெளிப்புற ஒளி) எல்லாம் லேயரின் வடிவத்தைப் பார்த்து வருபவை. அந்த வடிவத்தைத் தீர்மானிப்பது மாஸ்க். இதை நான் கற்றது ஒரு படத்தொகுப்பில். பன்னிரண்டு படங்களை ஒரே பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை ஸ்ட்ரோக்கும் நிழலும் கொடுத்திருந்தேன். ஒரு படத்தின் வலது பக்கம் மட்டும் பக்கத்துப் படத்துக்குள் கரைய வேண்டும். மாஸ்க் போட்டு வலது பக்கத்தை மறைத்தேன். படம் மறைந்தது, ஆனால் வெள்ளைக் கோடு மாஸ்க்கின் புதிய ஓரத்துக்கு நகர்ந்து வந்து அங்கே நின்றுகொண்டது. இன்னும் மறைத்தால் இன்னும் உள்ளே வந்தது. நிழலும் கூடவே.

அது பிழையே இல்லை, இயல்புநிலை அப்படித்தான். மாஸ்க் வெட்டிய பிறகு என்ன வடிவம் மிஞ்சுகிறதோ அதைச் சுற்றித்தான் எஃபெக்ட் வரும். லேயரை இருமுறை கிளிக் செய்து திறக்கும் லேயர் ஸ்டைல் பெட்டியில், பிளெண்டிங் ஆப்ஷன்ஸ் பகுதியில் ‘லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் மாஸ்க் எஃபெக்ட்களையும் சேர்த்து மறைக்கும். படம், கோடு, நிழல் மூன்றும் ஒன்றாகக் கரைந்தன. பெட்டியின் நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதைத் தெரியாமல் பல வருடம் வேலை செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன குரூப் மாஸ்க்கும் இதே பலனைத் தரும்.

அதே தொகுப்பில் இன்னொன்றும் நடந்தது. ஒரு படத்தின் நிழலின் கோணத்தைத் திருப்பினேன், பன்னிரண்டும் திரும்பிவிட்டன. ‘யூஸ் குளோபல் லைட்’ என்பது டிக் ஆகியிருந்தது. பெரும்பாலான நேரம் அது நல்லதே. ஒரு பக்கத்தில் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வரவேண்டும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் முதலில் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃபெக்ட்களின் தூரமும் பருமனும் பிக்சலில் இருக்கும். திரைக்கான 1000 பிக்சல் படத்தில் 10 பிக்சல் நிழல் கனமாகத் தெரியும். அதே 10 பிக்சல், அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்து அச்சடிக்கும் கோப்பில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நான் திரையில் பக்கம் முழுதும் தெரியும்படி சுருக்கி வைத்துக்கொண்டு நிழலை அமைத்தேன்; அச்சில் நிழல் இருப்பதே தெரியவில்லை. 30 பிக்சல் கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் என்று ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டபின் அந்தச் சிக்கல் வரவில்லை. கோப்பின் அளவை மாற்றும்போது எஃபெக்ட்களும் சேர்ந்து சுருங்குவதற்கு இமேஜ் சைஸ் பெட்டியில் ‘ஸ்கேல் ஸ்டைல்ஸ்’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

டிராப் ஷேடோவை நான் ஒருபோதும் நேரடியாகப் பயன்படுத்தாத இடம், தரையில் நிற்கும் மனிதர். அந்த எஃபெக்ட் லேயரின் வடிவத்தை நகலெடுத்து, கறுப்பாக்கி, கொஞ்சம் தள்ளி, மங்கலாக்கி வைக்கிறது. பின்னால் ஒரு சுவர் இருப்பதாக அதன் கணக்கு. சுவரில் மாட்டிய படத்துக்கும் எழுத்துக்கும் அது பொருந்தும். நடுவெளியில் நிற்கும் ஆளுக்குப் பின்னால் அந்த நிழலைப் போட்டால் அவர் அட்டையில் ஒட்டிய உருவமாகிவிடுவார். எஃபெக்ட்டின் மேல் வலது கிளிக் செய்து ‘கிரியேட் லேயர்’ கொடுத்தால் நிழல் தனி லேயராகப் பிரிந்து வரும். அதை டிஸ்டார்ட் கொடுத்து, முனைகளை இழுத்துத் தரையில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், மற்ற பொருள்களின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாக. நிழல் காலருகே அடர்த்தியாகவும் கூர்மையாகவும் இருக்கும், தலைப்பக்கம் போகப் போக வெளுத்து மங்கும். அதற்குத்தான் மறுபடி மாஸ்க்: நிழல் லேயருக்கு ஒரு கிரேடியன்ட். அது போக, பாதத்துக்கு நேர் கீழே, காலும் தரையும் தொடும் இடத்தில், தனி லேயரில் மெல்லிய கருங்கோடு ஒன்று. சின்ன பிரஷ், கீழே இருப்பதைக் கருமையாக்கும் மல்ட்டிப்ளை மோட். அந்தக் கோடு இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். வைத்த உடனே நின்றுவிடுவார். ஒவ்வொரு முறையும் இது எனக்கு வியப்புதான்.

பின்னணியை மங்கலாக்குவதில் மாஸ்க்கால் தீராத ஒரு சிக்கல் உண்டு. படத்தை நகலெடுத்து, நகலை மங்கலாக்கி, ஆள் இருக்கும் இடத்தை மாஸ்க்கில் கறுப்பாக்குவதுதான் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். ஆளைச் சுற்றி ஒரு ஒளிவட்டம். மாஸ்க்கைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன், போகவில்லை. காரணம் இதுதான்: மங்கலாக்குவது என்றால் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோடு கலப்பது. சிவப்புச் சட்டை போட்டவரை ஒட்டியிருக்கும் பின்னணிப் புள்ளியில் அந்தச் சிவப்பு கலந்துவிடுகிறது. மாஸ்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பின்னணிக்குள் ஏற்கெனவே சிவப்பு கசிந்தாயிற்று. அதனால் மங்கலாக்குவதற்கு முன், பின்னணி லேயரிலிருந்து ஆளையே எடுத்துவிட வேண்டும். ஆளைவிடச் சற்றுப் பெரிதாகத் தேர்ந்தெடுத்து, கன்டென்ட் அவேர் ஃபில் கொடுத்து, அந்த இடத்தைச் சுற்றுப்புறத்தால் நிரப்புங்கள். நிரப்பியது அழகாக இருக்க வேண்டியதில்லை, அதன் மேல்தான் ஆள் நிற்கப்போகிறார். அப்புறம் மங்கலாக்கினால் ஓரம் சுத்தமாக இருக்கும். கூடவே, தரை முழுதும் ஒரே அளவில் மங்கக் கூடாது: ஆள் நிற்கும் தூரத்தில் தரை கூர்மையாக இருந்து பின்னால் போகப் போக மங்க வேண்டும். மங்கல் லேயரின் மாஸ்க்கில் தரைக்கு மட்டும் ஒரு கிரேடியன்ட்.

ஃபில்டர்களை லேயரிலேயே நேரடியாகப் பூசுவதை விட்டு வெகுநாளாயிற்று. லேயரை, மூலத்தை மாறாமல் காக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட்டால் ஃபில்டர் தனி வரியாகக் கீழே நிற்கும், எப்போது வேண்டுமானாலும் எண்ணை மாற்றலாம். அதற்கும் ஒரு மாஸ்க் வரும். ஆனால் ஒரு லேயரில் எத்தனை ஸ்மார்ட் ஃபில்டர் போட்டாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாஸ்க்தான். கூர்மை ஓரிடத்திலும் மங்கல் வேறிடத்திலும் வேண்டுமென்றால் லேயரை நகலெடுத்தே ஆகவேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும் 2025-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டர்களை லேயரில் இப்படித் திருத்தக்கூடிய நிலையிலேயே வைத்திருக்க முடிகிறது. கிம்பிலும் ஆல்ட் கிளிக்தான் மாஸ்க்கைத் தனியாகக் காட்டும். தற்காலிகமாக அணைக்க அங்கே கண்ட்ரோல் கிளிக், ஃபோட்டோஷாப்பில் ஷிஃப்ட் கிளிக்.

இப்போது ஒரு பொத்தானில் மென்பொருளே ஆளைக் கண்டுபிடித்து மாஸ்க் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நானும் பயன்படுத்துகிறேன், நேரம் நிறைய மிச்சமாகிறது. ஆனால் அது கொடுத்தவுடன் ஆல்ட் கிளிக் செய்து பார்ப்பதை விடவில்லை. கைக்கும் இடுப்புக்கும் இடையிலான இடைவெளி, கண்ணாடிச் சட்டத்தின் உட்பக்கம், காதோரம் இந்த மூன்றையும் முதலில் பார்ப்பேன். அது தவறும் இடம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

கோப்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் நான் கண்டிப்பானவன். அடியில் இருக்கும் மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. தழும்பு, தூசி, தேவையற்ற முடி எதை எடுத்தாலும் மேலே வெற்று லேயரில்தான். லேயர்களோடு பிஎஸ்டியாக ஒரு பிரதி, அனுப்புவதற்கு ஜேபெக்காக ஒரு பிரதி, இரண்டுக்கும் வேறு வேறு பெயர். இடம் நிறையப் பிடிக்கிறதுதான். பிடிக்கட்டும்.

ஜன்னல் படத்தை அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னத்தருகே விரலை வைத்து, “ஏம்ப்பா, இங்க ஒரு முடி விழுந்திருந்துச்சே, அத ஏன் எடுத்துட்ட? எனக்கு எப்பவும் அப்படித்தானே விழும்” என்றார்.

படம் முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிஎஸ்டியைத் திறந்தேன். கன்னத்தைத் துடைத்த லேயர் தனியாக இருந்தது. அதற்கு ஒரு மாஸ்க் சேர்த்து, சின்ன பிரஷ்ஷில் கறுப்பை எடுத்து, கன்னத்தின் மேல் ஒரே இழுப்பு. முடி திரும்ப வந்து விழுந்தது.